காலம் கடந்து திறந்த கதவு

கலைக்கு நிறமில்லை என்கிறார்கள். குரலுக்குக் குலமில்லை என்கிறார்கள். திறமை மட்டும் இருந்துவிட்டால் எந்தக் கதவும் தானே திறக்கும். திறக்கவில்லையென்றால் தட்டியவனிடம்தான் ஏதோ குறை என்று, சாய்ந்த நாற்காலியில் அமர்ந்தபடி சாவதானமாகத் தீர்ப்புக் கூறுகிறார்கள். கூறட்டும். கூறியதைக் கேட்டுத் தலையாட்டுவது நம் வழக்கமன்று. சான்று எங்கே என்று கேட்பதே பகுத்தறிவு நமக்குக் கற்றுத் தந்த முதற்பாடம். ஆகவே, திறமை ஒன்றுதான் அளவுகோல் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கும் ஓர் அரங்கினுள் நுழைவோம்; அந்த அளவுகோலைக் கையிலெடுத்து, அதன் நீளத்தை நாமே அளந்து பார்ப்போம்.

அந்த அரங்கின் பெயர் ஆபரா. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியிலே பிறந்து, ஐரோப்பா எங்கும் பரவி, கடல் கடந்து அமெரிக்காவையும் அடைந்த இசை நாடகம். நடிப்பவரே பாடவேண்டும், ஒலிபெருக்கி கிடையாது. மேடைக்குக் கீழே அறுபது, எழுபது வாத்தியங்கள் முழங்க, அந்த முழக்கத்தைத் தாண்டிக் கடைசி வரிசையில் இருப்பவன் காதுக்குக் குரல் எட்டவேண்டும். இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் நாவு புரளவேண்டும். பத்தாண்டுப் பயிற்சி என்பது அங்கே மிகையன்று. ஒரு நகரத்து அரங்கில் அரங்கேற்றம், அதைக் கண்டு அடுத்த நகரத்து அழைப்பு, வியன்னா, மிலான், லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று படிப்படியாக ஏறுவதே அந்தப் பாடகர்களின் வாழ்க்கை. ஒரு படியைப் பிடுங்கிவிட்டால் ஏணியே பயனற்றுப்போகும்.

ஒன்றை மறந்துவிடலாகாது. சிற்பியின் உளி தேய்ந்தால் வேறு உளி வாங்கலாம். வீணை பழுதானால் வேறு வீணை செய்யலாம். பாடகரின் கருவியோ அவருடைய உடல். அது வளர்கிறது, முதிர்கிறது, தளர்கிறது. முப்பதில் மலரும் குரல் அறுபதில் அப்படியே இருப்பதில்லை. ஆகவே, பாடகருக்கு நீதி தாமதமாகக் கிடைத்தது என்று சொன்னால், நீதியின் ஒரு பகுதி கிடைக்கவே இல்லை என்பது பொருள். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நியூயார்க் நகரத்தில் மெட்ரோபாலிட்டன் ஆபரா என்னும் மாபெரும் அரங்கு 1883ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் மேடையில் முதன்மைப் பாத்திரம் ஏற்றுப் பாட, ஒரு கறுப்பினப் பாடகர் முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட நாள் 1955 ஜனவரி 7. இடையிலே கழிந்தவை 71 ஆண்டுகளுக்கும் மேல்! மூன்று தலைமுறைகள்! இந்த நீண்ட காலத்தில் கறுப்பின மக்களிடையே பாடத் தெரிந்தவர் எவருமே பிறக்கவில்லையா? வயல்களிலும் தேவாலயங்களிலும் பாடிப் பாடி ஒரு கண்டத்தின் இசையையே மாற்றிய மக்களிடம் குரல்வளம் இல்லாமற்போயிற்றா?

வரலாறு வேறு கதை சொல்கிறது. அடிமையாகப் பிறந்த எலிசபெத் டெய்லர் கிரீன்ஃபீல்டு என்னும் பெண்மணி 1854இல் இங்கிலாந்துப் பேரரசி விக்டோரியாவின் முன்னால் பாடினார். அதற்கு முந்திய ஆண்டு அவர் நியூயார்க்கில் பாடியபோது, பாடுகிறவர் கறுப்பினத்தவராக இருக்கலாம், கேட்கிறவர் கறுப்பினத்தவராக இருத்தலாகாது என்று வாயிலில் தடுத்தார்கள்! சிஸியரெட்டா ஜோன்ஸ் என்னும் பாடகி 1892இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மாளிகையிலே பாடினார். இத்தாலியப் பாடகி பட்டியோடு ஒப்பிட்டு அவரைக் 'கறுப்புப் பட்டி' என்றழைத்தனர். ஒப்பிடுவதற்கு அவருடைய குரல் தகுதியாக இருந்தது. ஒரு முழு ஆபராவிலே நிறுத்துவதற்கு மட்டும் அவருடைய தோல் தகுதியற்றுப்போயிற்று. வேடிக்கைக் காட்சிகளுக்கு நடுவே ஆபராப் பாடல்களைத் துண்டு துண்டாகப் பாடிக்கொண்டு, ஊர் ஊராகச் சுற்றும் குழுவிலே அவர் காலம் கழிந்தது.

1933ஆம் ஆண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் சிஸியரெட்டா ஜோன்ஸ் வறுமையிலே வாடி மறைந்தார். அதே ஆண்டு ஜனவரி 7 அன்று மெட்ரோபாலிட்டன் அரங்கில் 'எம்பரர் ஜோன்ஸ்' என்னும் புதிய ஆபரா அரங்கேறியது. கதைத் தலைவன் கறுப்பினத்தவன். நடித்தவரோ லாரன்ஸ் டிபெட் என்னும் வெள்ளையர், முகத்திலும் உடம்பிலும் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு! அதே ஆண்டு, அதே நியூயார்க்கில், ஹிப்போட்ரோம் என்னும் வேறோர் அரங்கிலே, கட்டரீனா ஜார்போரோ என்னும் கறுப்பினப் பாடகி வெர்டியின் 'ஐடா'வில் தலைவியாகப் பாடினார். இத்தாலியிலே பாடிப் பெயர் பெற்றுத் திரும்பியவர் அவர். மெட்ரோபாலிட்டன் அரங்கின் கதவோ அசையவில்லை. சாயத்துக்கு இடமுண்டு, சருமத்துக்கு இடமில்லை என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டுமா?

இங்கே சிலர், "நாடகம் என்றால் பொருத்தம் வேண்டாமா? ஐரோப்பிய இளவரசியாகக் கறுப்பினப் பெண் தோன்றினால் பார்ப்பவர் நம்புவரா?" என்று வாதிடுகிறார்கள். நல்ல கேள்வி. நாமும் பொருத்தத்தைப் பற்றியே கேட்கிறோம். ஐடா எத்தியோப்பிய நாட்டு இளவரசி. ஒத்தெல்லோ ஆப்பிரிக்க மூர் இனத்தவன். பட்டர்ஃபிளை ஜப்பான் நாட்டுப் பெண். இவர்களையெல்லாம் வெள்ளையர்கள் வேடமிட்டு நூறாண்டு நடித்தபோது பொருத்தம் எங்கே போயிருந்தது? ஐம்பது வயதுப் பெண்மணி பதினைந்து வயதுச் சிறுமியாகப் பாடுகிறார்; பருத்த உடலினர் காசநோயால் மெலிந்து சாகும் காதலியாகப் பாடுகிறார்; எவரும் முகம் சுளிப்பதில்லை. குரல் இருக்கும்போது உருவத்தை மறப்பதே ஆபரா ரசிகனின் மரபு. அந்த மரபு ஒரே ஓர் இடத்தில் மட்டும் மறந்துபோகுமென்றால், அதற்குப் பெயர் பொருத்தமன்று, நிறவெறி!

இனி, அந்த 1955 ஜனவரி 7 இரவுக்கு வருவோம். மேடையேறியவர் மேரியன் ஆண்டர்சன் அம்மையார். அன்று அவருக்கு வயது 57. அவர் 1897இல் ஃபிலடெல்ஃபியாவிலே ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். நிலக்கரியும் பனிக்கட்டியும் விற்ற தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். இசைப் பள்ளியொன்றில் சேரச் சென்றபோது, நிறத்தைக் காட்டி வெளியே அனுப்பினார்கள். அவருடைய தேவாலயத்து ஏழை மக்கள் காசு காசாகச் சேர்த்து, ஆசிரியரிடம் பயிலச் செய்தனர். 1925இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு நடத்திய போட்டியிலே முதலிடம் பெற்றார். முதலிடம் பெற்றவருக்கு முன்வாயில் திறக்கவேண்டுமல்லவா? திறமை திறவுகோல் என்பது மெய்யானால் 1925இலேயே, அவருடைய 28ஆம் வயதிலேயே திறந்திருக்கவேண்டுமல்லவா? திறக்கவில்லை. அவர் கப்பலேறி ஐரோப்பா சென்றார்.

ஐரோப்பா அவரை வரவேற்றது. ஸ்காண்டிநேவிய நாடுகள் அவர் குரலில் மயங்கின. 1935இல் சால்ஸ்பர்க் நகரில் அவர் பாடக் கேட்ட இசைமேதை டோஸ்கனினி, இத்தகைய குரலை நூறாண்டுக்கு ஒரு முறைதான் கேட்கமுடியும் என்று வியந்தார். அந்த நூற்றாண்டுக் குரலை அமெரிக்கா எப்படி நடத்தியது? 1937இல் பிரின்ஸ்டன் நகரிலே பாடச் சென்றபோது, தங்குவதற்கு விடுதியில் இடமில்லை என்றார்கள். தம் இல்லத்தில் இடமளித்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். இட்லரின் இனவெறிக்குத் தப்பி வந்த அறிவியலாளருக்குத்தான் அந்த வேதனை விளங்கிற்று! 1939இல் தலைநகர் வாஷிங்டனில், கான்ஸ்டிட்யூஷன் மண்டபத்தில் அவர் பாட இடம் கேட்டனர். அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்னும் அமைப்புக்குச் சொந்தமான மண்டபம் அது. புரட்சியின் பெயரைச் சூடிய புதல்வியர் மறுத்துவிட்டனர். குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அந்த அமைப்பிலிருந்து விலகினார். அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று, லிங்கன் நினைவகத்தின் படிகளில், திறந்த வானத்தின் கீழ், 75,000 மக்கள் முன் ஆண்டர்சன் அம்மையார் பாடினார். நாலாயிரம் பேர் அமரும் மண்டபத்தை மூடினார்கள். ஒரு நாடே திரண்டு நின்று கேட்டது!

அதற்குப் பிறகும் மெட்ரோபாலிட்டன் மேடைக்கு அவர் வந்துசேர 15 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. வந்து சேர்ந்தபோது கிடைத்த பாத்திரம் எது தெரியுமா? வெர்டியின் 'முகமூடி நடனம்' என்னும் ஆபராவில் வரும் உல்ரிகா, குறி சொல்லும் பெண். ஒரே ஒரு காட்சியில் வந்து போகும் பாத்திரம். அதுவும், நாடகத்தை எழுதியவரே கறுப்பினத்தவள் என்று குறித்துவைத்த பாத்திரம்! கதைத் தலைவனின் எதிர்காலத்தை மேடையிலே குறி சொல்ல வைத்தார்கள்; அவருடைய கடந்த காலத்தைத் திருப்பித் தர எந்தக் குறிகாரியால் முடியும்? திரை உயர்ந்ததும் அரங்கமே எழுந்து ஆரவாரித்தது என்று வரலாறு எழுதுகிறது. அந்த ஆரவாரத்தில் அன்பு இருந்தது, நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆரவாரத்தினால் முப்பது வயதுக் குரலை மீட்டுத் தர முடிந்ததா? அவர் பாடாமற்போன பாத்திரங்களை எந்தத் தலைமுறை இனிக் கேட்கப் போகிறது?

கதவைத் திறந்த மேலாளர் ருடால்ஃப் பிங்கைப் போற்றுகிறார்கள். போற்றுதலுக்குரிய செயலே. ஆனால் திறந்தவர் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள், அடைத்து வைத்தவர்களின் பெயர்களை ஏன் மறந்துவிடுகிறார்கள்? 71 ஆண்டுகள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்த கைகள் காற்றிலே கரைந்துபோயினவா? பறித்ததைப் பாதி திருப்பித் தந்தவனைப் பரோபகாரி என்று பாராட்டும் விந்தையை இங்கே காண்கிறோம்.

அந்தக் கதவு எப்போது திறந்தது என்பதையும் கவனியுங்கள். 1954 மே மாதத்தில், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஆண்டர்சன் அம்மையாரை அழைப்பதாக மெட்ரோபாலிட்டன் அரங்கு அறிவித்தது. அதே நகரத்தின் மற்றோர் அரங்கான நியூயார்க் சிட்டி ஆபரா, 1945இல் டாட் டங்கனையும் 1946இல் கமில்லா வில்லியம்ஸையும் முன்பே மேடையேற்றிவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. அப்படியிருக்க மெட்ரோபாலிட்டன் இன்னும் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது எதற்காக? திறமை 1954இல் திடீரென முளைத்ததா? முளைத்தது திறமையன்று, உரிமை கேட்டு எழுந்த மக்களின் வலிமை! வழக்காடியவர்கள், ஊர்வலம் சென்றவர்கள், சிறை புகுந்தவர்கள் — இவர்கள் தள்ளியதனால் அசைந்த கதவு அது. 1963இல் வாஷிங்டனில் நடந்த மாபெரும் உரிமைப் பேரணியில் ஆண்டர்சன் அம்மையாரும் பாடினார்; கமில்லா வில்லியம்ஸும் பாடினார். எந்தக் கைகள் கதவைத் தள்ளின என்பதை அந்தப் பாடகியர் நன்கு அறிந்திருந்தனர்.

ஆண்டர்சன் வந்த அதே மாதத்தில் ராபர்ட் மெக்ஃபெரின் என்னும் பாடகரும் அந்த மேடைக்கு வந்தார். மெட்ரோபாலிட்டன் நடத்திய குரல் தேர்விலேயே 1953இல் வென்றவர் அவர். கிடைத்த பாத்திரம் ஐடாவின் தந்தை, எத்தியோப்பிய அரசன். மூன்று பருவங்களில் அவருக்கு வாய்த்தவை பத்தே நிகழ்ச்சிகள்! தந்தையாக வரலாம், காதலனாக வெள்ளைப் பெண்ணின் கரம்பற்றிப் பாடுவது அன்றைய அமெரிக்காவுக்குப் பொறுக்காது. தேர்வில் வெல்வது வேறு, வென்றவனுக்கு வேலை தருவது வேறு என்பதை இந்த ஒரு வாழ்க்கை உணர்த்துகிறது.

லியோன்டைன் பிரைஸ் அம்மையாரின் வாழ்வையும் பாருங்கள். மிசிசிப்பி மாநிலத்து லாரல் என்னும் சிற்றூரில், மர ஆலைத் தொழிலாளியின் மகளாக 1927இல் பிறந்தவர். ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோது, ஜாக்சன் நகரிலே மேரியன் ஆண்டர்சன் பாடக் கேட்டார். தாமும் பாடகியாவது என்று அன்றே உறுதிகொண்டார். 1955இல் அவர் தொலைக்காட்சியில் 'டோஸ்கா'வாகப் பாடினார். தென்மாநில நிலையங்கள் பல ஒளிபரப்ப மறுத்தன. பின்னர் வியன்னா, மிலான் என்று ஐரோப்பா அவரைக் கொண்டாடிற்று. மெட்ரோபாலிட்டன் அரங்கிலே முதல் வருகை அடிமைப் பெண்ணாகிய ஐடாவாக அமையலாகாது. சீமாட்டியாகவே நுழையவேண்டும் என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டதாகவும், அவர் காத்திருந்ததாகவும் அவருக்கு நெருங்கியவர் பதிவு செய்துள்ளார். 1961 ஜனவரி 27 அன்று 'இல் ட்ரோவடோரே'யில் லியோனோரா என்னும் உயர்குலப் பெண்ணாகவே நுழைந்தார். நாற்பது நிமிடங்களுக்கு மேல் கைதட்டல் நீடித்ததாகக் கூறுவர். ஆண்டர்சன் நுழைந்தது 57இல். பிரைஸ் நுழைந்தது 33இல். குரலின் முழுமலர்ச்சியில் அவர் வந்ததனால், அதன்பின் கால் நூற்றாண்டுக்காலம் உலகம் அந்தக் குரலைக் கேட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலே உள்ள வேறுபாடுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் இழப்பு. அதுவே திருட்டின் அளவு!

ஐரோப்பாவைப் புண்ணிய பூமி என்று நாம் போற்றப் புறப்படவில்லை. செயிண்ட் லூயி நகரத்துக் கிரேஸ் பம்ப்ரி, பதினேழு வயதில் வானொலிப் போட்டியிலே வென்றார். பரிசாகக் கிடைத்த இசைக் கல்வி இடத்தை, நிறத்தைக் காட்டி மறுத்தது அவ்வூர்க் கல்விக்கூடம். தனியே ஒதுக்கி வைத்துக் கற்றுத் தருகிறோம் என்றது. பெற்றோர் தன்மானத்துடன் மறுத்தனர். அவர் பின்னர் பாரிஸிலே பாடி, 1961இல் ஜெர்மனியின் பைராய்த் விழாவுக்கு அழைக்கப்பட்டார். ரிச்சர்ட் வாக்னரின் இசைக்கென்றே எழுந்த அரங்கு அது; இட்லர் விரும்பிச் சென்ற அரங்கு. அங்கே அழகுத் தெய்வமாகிய வீனஸாக ஒரு கறுப்பினப் பெண்ணா என்று கண்டனக் கடிதங்கள் குவிந்தன. வாக்னரின் பேரன் வீலண்ட் வாக்னர் அசையவில்லை. தம் பாட்டனார் குரலின் வண்ணத்துக்கு எழுதினாரேயன்றித் தோலின் வண்ணத்துக்கு எழுதவில்லை என்னும் கருத்துப்படப் பதிலளித்தார். 24 வயதுப் பம்ப்ரி பாடினார். அரங்கம் அரை மணி நேரம் ஆர்ப்பரித்தது. காதால் கேட்டவர்கள் கைதட்டினார்கள். கேட்காமலே கடிதம் எழுதியவர்கள் வாயடைத்தார்கள்.

இன்னொரு நாடகமும் நடந்தது. 1957இல் அமெரிக்க அரசு, ஆண்டர்சன் அம்மையாரை ஆசிய நாடுகளுக்குத் தன் நல்லெண்ணத் தூதராக அனுப்பிற்று. இந்தியாவுக்கும் அவர் வந்தார். அதே மாதங்களில், ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையப் படைவீரர்களின் காவல் வேண்டியிருந்தது. வெளியூருக்குக் காட்டக் குரல் வேண்டும்; உள்ளூரில் உட்காரப் பள்ளி இருக்கை கிடையாது! ஒருவரை உயர்த்திக் காட்டி ஓரினத்தின் துயரத்தை மறைக்கும் உபாயம் இது. அந்த உபாயத்துக்கு மயங்காதவர்களே உண்மையான கலைரசிகர்கள்.

"அதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது" என்பார்கள். மாறியது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒத்தெல்லோவுக்குக் கறுப்புச் சாயம் பூசும் வழக்கத்தை மெட்ரோபாலிட்டன் கைவிட்டது எப்போது? 2015இல். ஒரு கறுப்பின இசையமைப்பாளரின் ஆபராவை, டெரன்ஸ் பிளான்சார்டின் படைப்பை, அந்த அரங்கு முதன்முதலாக மேடையேற்றியது எப்போது? 2021இல், அரங்கு திறந்து 138 ஆண்டுகள் கழித்து! 2022இல் இத்தாலியின் வெரோனா விழாவில், 'ஐடா'வுக்காக வெள்ளைப் பாடகியர் முகத்தில் சாயம் பூசியதைக் கண்டித்து, ஏஞ்சல் புளூ என்னும் கறுப்பினப் பாடகி, அதே விழாவிலே தாம் பாட இருந்த வேறொரு நாடகத்திலிருந்து விலகினார். சாயம் இன்னும் காயவில்லை, தோழர்களே!

இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்க வாத்தியக் குழுக்கள் பல, 1970களிலிருந்து, ஆள் தேர்வின்போது திரை கட்டி, வாசிப்பவரின் முகம் தெரியாமல் வாசிப்பை மட்டும் கேட்கத் தொடங்கின. காது மட்டுமே தீர்ப்பளித்து வந்ததென்றால் திரை எதற்கு? கண் குறுக்கிட்டது என்பதற்கு அந்தத் திரையே ஒப்புதல் வாக்குமூலம். ஆபராவிலோ திரை கட்ட வழியில்லை; பாடகர் முகத்தோடுதான் நிற்கவேண்டும். ஆகவே அங்கே திரையை அகற்றவேண்டிய இடம் தேர்வாளரின் மனம்.

ஆகவே, 'தகுதி' என்ற சொல்லை எவரேனும் உச்சரிக்கும்போது, இளைஞர்களே, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தேர்வுக்கூடத்தின் வாயில் எல்லோருக்கும் திறந்திருந்ததா? வென்றவனுக்கு வேலை கிடைத்ததா? கிடைத்தபோது அவனுடைய வயது என்ன? முதற்கேள்விக்கு இசைப் பள்ளியிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட மேரியன் ஆண்டர்சன் சாட்சி. இரண்டாம் கேள்விக்குப் பத்தே நிகழ்ச்சிகள் பாடிய ராபர்ட் மெக்ஃபெரின் சாட்சி. மூன்றாம் கேள்விக்கு 57 என்ற எண்ணே சாட்சி.

திறமை பாடும், அதனால் தாழ்ப்பாளை உடைக்க முடியாது. தாழ்ப்பாளை உடைப்பது மக்களின் கை. அந்தக் கை ஓங்கும்வரை எத்தனையோ குரல்கள் வாயிலிலேயே முதிர்ந்து, வாயிலிலேயே ஓய்ந்தன. அவற்றின் பெயர்கள்கூட நமக்கு எட்டவில்லை. பெயர் எட்டிய சிலருக்காகக் கைதட்டுவோம். பெயரும் எட்டாத பலருக்காகக் கணக்குக் கேட்போம். கைதட்டலோடு நின்றுவிட்டால், அடுத்த கதவும் காலம் கடந்தே திறக்கும்!